மாலை கழட்டின மறுநாள்

கேள்வி: 2023 ஜனவரி 19

என் வீட்டுக்காரர் வருஷா வருஷம் கார்த்திகை ஒண்ணாம் தேதி ஐயப்பனுக்கு மாலை போடுவார். 48 நாள் ஒரு சொட்டு தொடமாட்டார். விடியக்காலம் நாலு மணிக்குப் பச்சைத்தண்ணியில குளிப்பார். பெத்த பையனையே "சாமி, சாப்டீங்களா"ன்னுதான் கேப்பார். மலைக்குப் போய்ட்டு வந்து கழட்டினாரோ இல்லையோ, அன்னைக்கு ராத்திரியே குடிச்சுட்டு வந்து நிப்பார். போன வாரமும் அதேதான் நடந்துச்சு. 48 நாள் இருக்க முடியறவருக்கு வருஷம் பூரா இருக்க முடியாதா? குடி ஒரு நோய்ங்கறாங்க. சாமிக்குப் பயந்து லீவு போடற நோய் எங்கயாவது உண்டா? இது திமிர்தான்னு எனக்குத் தோணுது. குடிச்சு மீண்டவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

2023 ஜனவரி 19, ராத்திரி 11.40

நான் சொல்றேன் தங்கச்சி. வயசு 51. கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் லேத் பட்டறையில டர்னர். 24 வருஷம் குடிச்சேன். கடைசியாக் குடிச்சது 2021 ஜூலை 11. 18 மாசம் ஆச்சு. நானும் 9 வருஷம் மாலை போட்டவன்.

திமிர் இல்ல, நோய்தான். நிறுத்தறது ஒரு வேலை, நிறுத்தினதுக்கு அப்புறம் இருக்கறது இன்னொரு வேலை. மாலை மொத வேலையை மட்டும்தான் முடிச்சுத் தரும். மாலை கழுத்துல விழுந்த அன்னைக்கே மனசு கழட்டற தேதியை எண்ண ஆரம்பிச்சுடும். 2011ல எனக்கு முப்பதாவது நாளே எந்தக் கடை, எந்த மூலை, கூட யாருன்னு எல்லாம் முடிவாகி இருந்துச்சு. பம்பையில முங்கி எந்திரிக்கும்போதும் அந்த நெனப்புதான். இதை இதுவரைக்கும் எங்கயும் சொன்னதில்ல.

48 நாள் இருந்தவருக்கு நாளைக்கு நிறுத்தறது பெரிய விஷயமில்ல. நாளைக்கே நிறுத்தச் சொல்லுங்க. வீட்டுல பாட்டில் இருந்தா கொட்டிடுங்க.

2023 ஜனவரி 20, காலை 5.15

ராத்திரி எழுதினதுல கடைசி ரெண்டு வரியை யாரும் செய்யாதீங்க. தூக்கம் வரல. எனக்கு நடந்ததை மறந்துட்டு அடுத்த வீட்டுப் பொம்பளைக்கு அப்படி எழுதிட்டேனேன்னு எந்திரிச்சு உக்காந்துட்டேன்.

2020 மார்ச் 24 சாயங்காலத்தோட கொரோனாவுக்காக மதுக்கடையை மூடினாங்க. எங்கிட்ட மூணு குவார்ட்டர் இருந்துச்சு. 26 ராத்திரி தீந்துபோச்சு. 27 காலையில கை நடுங்குச்சு, அது வழக்கமா வர்றதுதான். மத்தியானம் டம்ளரை ரெண்டு கையால புடிச்சும் காப்பி மேல கொட்டுச்சு. பனியன் நனையற அளவு வேர்வை. 28 விடியக்காலம் பாத்ரூம் வாசல்ல விழுந்துட்டேன். கண் முழிச்சப்ப உள்ளங்கையில பீரோ சாவி இருந்துச்சு. வலிப்புன்னதும் எங்கம்மா கொண்டாந்து திணிச்சுது. நாக்கு கடிபட்டு ரத்தம். என் பொண்ணு கதவு ஓரமா நின்னு பாத்துட்டு இருந்தா.

ஆஸ்பத்திரியில டாக்டர் சொன்னதை என் பாஷையில சொல்றேன். சாராயம் மூளையை அமுக்கற பாரம். அந்தப் பாரத்தோட ஓடறதுக்காக மூளை வருஷக்கணக்கா ஆக்சிலேட்டரை மிதிச்சுப் பழகியிருக்கு. ஏத்தத்துல லோடோட ஏறிட்டு இருக்கற லாரியில லோடு திடீர்னு காணாமப் போனா வண்டி எப்படிப் பாயும்? அதுதான் நடுக்கம், வேர்வை, வலிப்பு எல்லாம். கடைசியாக் குடிச்சு ஆறு மணி நேரத்துலயே நடுக்கம் ஆரம்பிக்கலாம். வலிப்பு வர்றது பெரும்பாலும் மொத ரெண்டு நாள்ல. ரெண்டு நாளுக்கு அப்புறம் நாலு நாளுக்குள்ள சில பேருக்கு ஜன்னி மாதிரி வரும், இல்லாததெல்லாம் கண்ணுல தெரியும். எனக்கு வார்டு சீலிங்ல இருந்து லேத்துல விழற இரும்புச் சுருள் கொத்துக்கொத்தா ஊர்ந்து இறங்கி வந்துச்சு. காலைத் தூக்கிக் கட்டில்மேல வெச்சுக்கிட்டேன். இந்தக் கட்டத்துக்கு வைத்தியம் பாக்காம விட்டா உசுரே போகும்.

வைத்தியம் ஒண்ணும் மாயமில்ல. குளோர்டயசிபாக்சைடு மாத்திரையை மொத நாள் கூடுதலாக் கொடுத்து, நாளுக்கு நாள் கொறச்சு நிறுத்தினாங்க. லிவர் ரொம்பக் கெட்டவங்களுக்கு லோரசிபாம். கூடவே பி1 சத்து, தயமின் ஊசி. எனக்குக் குளுக்கோஸ் ஏத்தறதுக்கு முன்னாடியே தயமின் போட்டாங்க. அந்தச் சத்து இல்லாத உடம்புல வெறும் குளுக்கோஸ் ஏத்தினா மூளை பாதிக்கலாமாம். பக்கத்துத் தெரு கம்பவுண்டர்கிட்ட போய் "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க"ன்னு கேக்கறவங்க இதைத் தெரிஞ்சுக்கணும்.

தெனமும் குடிக்கறவர், காலையில கை நடுங்கறவர், முன்னாடி எப்பவாவது வலிப்பு வந்தவர், இவங்க டாக்டரைப் பாக்காம நிறுத்தக் கூடாது. பாட்டிலைக் கொட்டச் சொன்னது என் தப்பு.

2023 ஜனவரி 22

தங்கச்சி பதில் போட்டிருக்கு. நடுக்கம் எல்லாம் அவருக்குக் கெடையாதாம். ஆனா மாலை போட்ட மொத நாலு நாள் வருஷா வருஷம் "விரதக் காய்ச்சல்" வருமாம். பச்சைத்தண்ணி ஒத்துக்கலன்னு மாமியார் சுக்குக் கஷாயம் வெச்சுக் கொடுக்குமாம். தூக்கமில்லாமப் பாயில புரண்டுட்டே இருப்பாராம். வேர்த்துக் கொட்டுமாம். போன வருஷம் ரெண்டு நாள் வாந்தி. அஞ்சாம் நாள் சரியாயிடுமாம்.

அது காய்ச்சலே இல்ல தங்கச்சி. எட்டு வருஷமா அவர் உடம்பு ஒவ்வொரு கார்த்திகையும் சாராயத்துல இருந்து விடுபடப் போராடியிருக்கு. கூட இருந்த யாருக்கும் அது தெரியல. இன்னொண்ணும் சொல்லணும். நிறுத்தறது, ஆரம்பிக்கறது, மறுபடி நிறுத்தறதுன்னு திரும்பத் திரும்ப நடந்தா, ஒவ்வொரு தடவையும் இந்தப் பாடு போன தடவையைவிடக் கூடலாம். எனக்கு 2009ல வெறும் தூக்கமின்மை. 2013ல நடுக்கம். 2020ல வலிப்பு. அவருக்குப் போன வருஷம் வாந்தி புதுசா வந்திருக்குன்னா அடுத்த கார்த்திகைக்கு முன்னாடி ஒரு மனநல மருத்துவரைப் பாத்துட்டுத்தான் மாலை போடணும். "மனநலம்"ங்கற பேரைக் கேட்டு மொரண்டு புடிச்சா பொது மருத்துவர்கிட்ட ஆரம்பிங்க.

தெனம் ஒரு குவார்ட்டர்தான், ஞாயித்துக்கிழமை மட்டும் ஆஃப்னு எழுதியிருக்கீங்க. அந்த "தான்"ஐ எடுத்துடுங்க. 180 மில்லியில 42.8 சதவீதம்னா சுத்த ஆல்கஹால் மட்டும் 60 கிராம். உலக சுகாதார நிறுவனத்தோட கேள்வித்தாள்ல 10 கிராம் ஒரு அளவுன்னு வெச்சுக் கேக்கறாங்க. அந்தக் கணக்குல இது தெனம் ஆறு. ஞாயித்துக்கிழமை பன்னெண்டு.

2023 ஜனவரி 25

மாலை ஏன் 48 நாள் வேலை செய்யுதுன்னு மூணு நாளா மிஷின்ல நின்னுட்டே யோசிச்சேன். முந்தி பயம்னு நெனச்சிருந்தேன். பயம் கொஞ்சம்தான். 2016ல மாலையோடவே குடிச்சவன் நான், அதைக் கீழ சொல்றேன்.

மாலை போட்டா நாள் பூராவும் மாறிடுது. நாலு மணிக்கு எந்திரிக்கணும். ரெண்டு வேளை குளிக்கணும். நேரத்துக்குச் சாப்பிடணும். சாயங்காலம் ஆறரைக்கு, சரியா கடைக்குப் போற நேரத்துல, பஜனைக்குப் போகணும். குருசாமி நம்மளைக் கணக்கு வெச்சிருப்பார், வரலைன்னா வீட்டுக்கே வந்துடுவார். பட்டறையில எவனும் "வாடா ஒரு கட்டிங் போடலாம்"னு கூப்பிடமாட்டான். எல்லாத்துக்கும் மேல, தெருவே நம்மளைச் "சாமி"ன்னு கூப்பிடும். குடிகாரன்னு கேட்டுக்கேட்டுப் பழகின காதுக்கு அது எப்படி இருக்கும்னு குடிச்சவனுக்குத்தான் தெரியும். சின்னக் கொழந்தை வந்து கால்ல விழும். மொத வருஷம் அப்படி ஒரு கொழந்தை விழுந்தப்ப நான் உள்ள போய் அழுதேன்.

கழட்டின அடுத்த நிமிஷம் அதெல்லாம் போயிடும். பேரும் பழைய பேர், சாயங்காலமும் பழைய சாயங்காலம். ஏ.ஏ.ன்னு, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நெனக்கறவங்க ஒண்ணா உக்காந்து பேசற கூட்டம் இருக்கு. அதுக்குப் போக ஆரம்பிச்ச மொத மாசம் எனக்கு மனசுல பட்டது இதுதான்: சாயங்காலம் ஒரு இடம், வரலைன்னா தேடற ஆள், மரியாதையா ஒரு பேச்சு. இதுவும் பஜனை மடம்தான், கழட்டற தேதி மட்டும் கெடையாது. அங்க யாரும் "இனி ஜென்மத்துக்கும் குடிக்கமாட்டேன்"னு சத்தியம் பண்றதில்ல. இன்னைக்கு ஒரு நாள், அவ்வளவுதான். கற்பூரம் அணைச்சு ஏழு தடவை சத்தியம் பண்ணின எனக்கு அது ரொம்ப நிம்மதியா இருந்துச்சு.

2016: மாலை போட்ட மூணாவது நாள் கை நடுக்கத்துல மைக்ரோமீட்டர் கீழ விழுந்துச்சு. பட்டறைக்குப் பின்னாடி போய், மாலையைக் கழட்டாம சட்டைக்குள்ள தள்ளிக்கிட்டு, குடிச்சேன். இருமுடி கட்டி மலைக்கும் போனேன். பதினெட்டுப் படியில கால் வெச்சப்ப ஒடம்பெல்லாம் கூசுச்சு. அதுக்கப்புறம் மாலை போடவேயில்ல. ஊர்ல "இந்த வருஷம் போடலியா"ன்னு கேட்டா வேலை ஜாஸ்தின்னு சொல்லிட்டேன். உங்க வீட்டுக்காரர் இன்னும் உண்மையாவே 48 நாள் இருக்கார். நான் இழந்துட்ட ஒண்ணு அவர் கையில இன்னும் இருக்கு.

2023 பிப்ரவரி 3

கேரளாவுல இருந்து ஒருத்தர் திருத்தியிருக்கார்: சபரிமலை மண்டல விரதம் 41 நாள். சரிதான். நம்ம பக்கம் மண்டலம்னா 48ன்னு சொல்லிப் பழக்கம், நாங்க 48தான் இருந்தோம். இனி ரெண்டுல எதைச் சொன்னாலும் ஒண்ணுதான்னு எடுத்துக்கங்க.

2023 பிப்ரவரி 11

"குடிப்பவருக்குத் தெரியாமலே சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்"னு பஸ் ஸ்டாண்டுல ஒட்டியிருக்கற மருந்தைப் பத்தி தங்கச்சி கேக்குது. வேண்டாம். கெஞ்சிக் கேக்கறேன், வேண்டாம்.

2014ல எங்க வீட்டுல யாரோ சொன்னாங்கன்னு ஒரு மாத்திரையைப் பொடி பண்ணி சாம்பார்ல போட்டாங்க. எனக்குத் தெரியாது. சாயங்காலம் வழக்கம்போல குடிச்சேன். கால் மணி நேரத்துல மூஞ்சி தீயா எரியுது, நெஞ்சு டமடமன்னு அடிக்குது, மூச்சு முட்டுது, வாந்தி. ரோட்டோரம் உக்காந்து இன்னையோட முடிஞ்சோம்னு நெனச்சேன். மாத்திரை டைசல்ஃபிராம். ஆல்கஹால் உடம்புல மொதல்ல அசிடால்டிஹைடா மாறும், அது விஷம். லிவர் அதை உடனே ஒடச்சு வெளியேத்திடும். அந்த வழியை இந்த மாத்திரை அடைச்சுடும், விஷம் ரத்தத்துலயே தங்கும். இருதயக் கோளாறு உள்ளவன் செத்தே போகலாம். மாத்திரையை நிறுத்தினாலும் ரெண்டு வாரம் வரைக்கும் அதோட வேலை உடம்புல இருக்கும்.

மாத்திரை கெட்டதில்ல. தெரிஞ்சு, சம்மதிச்சு, டாக்டர் பாத்துச் சாப்பிட்டு நல்லா இருக்கறவங்க எங்க கூட்டத்துலயே இருக்காங்க. வேற மருந்துகளும் இருக்கு: ஆசையைக் கொறைக்க நால்ட்ரெக்சோன், அக்காம்ப்ரோசேட். ஆனா தெரியாமக் கலந்தா மருந்தோட சேந்து சோத்துமேல இருக்கற நம்பிக்கையும் போயிடும். நான் ரெண்டு மாசம் வீட்டுல சாப்பிடல. பச்சத்தண்ணிகூட வெளியதான். நோட்டீஸ்ல விக்கற பொடியில என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?

2023 மார்ச் 5

என் மனைவி நேத்து இதையெல்லாம் உக்காந்து படிச்சா. மொதல் குறிப்பையே ரெண்டு தடவை படிச்சுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டா: "நோய்தான், திமிர் இல்லைன்னு எழுதியிருக்கீங்களே. என் தோடு எங்க போச்சுன்னு எழுதலையே?"

எழுதறேன். 2012ல அவ தோட்டை அடகு வெச்சுக் குடிச்சேன். அவங்கப்பா போட்டது. மூழ்கிப்போச்சு. பொண்ணுக்குப் பத்தாவது கணக்குப் பரீட்சை அன்னைக்குக் காலையில வாசல்ல வாந்தியெடுத்துக் கெடந்தேன், அவ என்னைத் தாண்டித்தான் போனா. ரெண்டு தடவை மனைவியைக் கை நீட்டி அடிச்சேன். அப்ப எல்லாம் நான் மப்புல இருந்தேன்னு சொல்லலாம். தோட்டை எடுத்தப்ப நான் குடிச்சிருக்கல. பகல் பத்து மணி. பீரோவை எப்படிச் சத்தமில்லாமத் தொறக்கறதுன்னு தெளிவா யோசிச்சுத் தொறந்தேன்.

தங்கச்சி, நீங்க கேட்டது நோயா திமிரான்னு. நான் ராத்திரி பதினொண்ணே முக்காலுக்கு ஒரே வரியில முடிச்சுட்டேன். இப்ப அப்படிச் சொல்ல முடியல. குடிக்காம இருக்க முடியாம போனது நோய். "இவளுக்கென்ன, போனாப் போகுது"ன்னு தோட்டை எடுத்தது வேற என்னமோ, அதுக்கு நான்தான் பொறுப்பு. உங்க கோபத்தை நான் தட்டிக் கழிச்சிருக்கக் கூடாது. அவர் நோயாளிங்கறதுக்காக நீங்க அடிவாங்கணும்னு இல்ல, பொறுத்துப் போகணும்னும் இல்ல. குடிக்கறவங்க வீட்டுக்காரங்களுக்குன்னே அல்-அனான் கூட்டம் இருக்கு. ஏ.ஏ.வைத் தொடங்கின ரெண்டு பேர்ல ஒருத்தரான பில் வில்சனோட மனைவி லோயிஸ் 1951ல ஆரம்பிச்சது. புருஷனை எப்படித் திருத்தறதுன்னு அங்க பேசறதில்ல, தன் வாழ்க்கையைப் பத்திப் பேசறாங்க. என் மனைவி போனது நான் நிறுத்தறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே. அவ மாறினது எனக்குத்தான் மொதல்ல பயமா இருந்துச்சு. பட்டறைக்குப் போன் பண்ணி "காய்ச்சல், இன்னைக்கு வரமாட்டார்"னு எனக்காகப் பொய் சொல்றதை நிறுத்திட்டா.

தோடு இன்னும் வாங்கித் தரல. சீட்டு போட்டுட்டு இருக்கேன்.

2023 ஏப்ரல் 16

"குடி மீட்பு மையத்துக்கு போன் பண்ணா வேன்ல வந்து தூக்கிட்டுப் போய்டுவாங்க, பண்ணலாமா?" ஒரு தம்பி அவங்கப்பாவுக்காகக் கேக்கறார்.

2018ல என்னை அப்படித்தான் தூக்கினாங்க. ராத்திரி ஒரு மணி, நாலு பேர், லுங்கியோட. மையத்துப் பேர் வேண்டாம். 40 பேருக்கு ரெண்டு கக்கூஸ். டாக்டர்னு ஒருத்தர் 45 நாள்ல ரெண்டு தடவை வந்தார். நடுக்கத்துல இருந்த ஒரு பையனை "நடிக்கறான்"னு அடிச்சாங்க. வெளிய வந்த அன்னைக்கு எனக்குக் குடிமேல இருந்த ஆசையைவிட வீட்டுமேல இருந்த ஆத்திரம் பெருசு. அந்த ஆத்திரத்துலயே குடிச்சேன்.

எல்லா மையமும் அப்படின்னு சொல்லல. சென்னையில சாந்தி ரங்கநாதன் 1980ல ஆரம்பிச்ச டி.டி.கே. மையத்துல வைத்தியம், ஆலோசனை, குடும்பத்துக்குத் தனியாப் பயிற்சின்னு எல்லாம் சேத்துக் கொடுக்கறாங்க. அந்தம்மாவுக்கு 1992ல பத்மஸ்ரீ கெடச்சுது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்துல மது, போதையால வர்ற மனநிலைக் கோளாறும் மனநோய்ங்கற வரையறைக்குள்ளயே வருது. அப்படின்னா அவருக்கு நோயாளிக்குள்ள உரிமை உண்டு, அடிக்கறதுக்கு யாருக்கும் அதிகாரம் இல்ல. தம்பி, சேக்கறதுக்கு முன்னாடி நேர்ல போய்ப் பாருங்க. டாக்டர் தெனம் வர்றாரா, மொத வாரம் நர்ஸ் ராத்திரி இருக்காங்களா, நீங்க எப்ப வேணா வந்து பாக்கலாமா, உரிமம் இருக்கா. நாலுல ஒண்ணுக்கு மழுப்பினாலும் திரும்பிடுங்க. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள்ல மனநலப் பிரிவு இருக்கு, நான் கடைசியா சரியானது அந்த மாதிரி ஒரு வார்டுலதான், பத்து நாள், காசு வாங்கல. போன்ல பேசணும்னா 14416, மத்திய அரசோட மனநல உதவி எண், டெலி மானஸ். போதைப் பிரச்சனைக்குன்னே 14446.

2023 ஜூன் 22

இன்னைக்குத் தமிழ்நாட்டுல 500 மதுக்கடை மூடியிருக்காங்க. பட்டறையில காலையில இருந்து இதே பேச்சு. 2016ல 500, அடுத்த வருஷம் 500, இப்ப இன்னொரு 500. கடையை மூடினாக் குடி ஒழியுமான்னு கேட்டாங்க.

2016 மே மாசம்தான் கடை தொறக்கற நேரத்தை காலை பத்துல இருந்து பன்னெண்டுக்கு மாத்தினாங்க. எனக்கு அப்பக் காலை ஏழு மணிக்கே வேணும். மொத நாள் ராத்திரியே காலைக்குன்னு ஒரு குவார்ட்டர் சேத்து வாங்கி வெச்சேன். அது ராத்திரியே தீந்துடும், அப்புறம் ரெண்டு. நேரத்தைக் கொறச்சது என் அளவைக் கூட்டுச்சு. இது என் கதை. ஆனா பட்டறைக்கு எதுத்தாப்ல கடை இல்லாம இருந்திருந்தா 2003ல புதுசா வேலைக்குச் சேந்த பசங்க அந்த வயசுல ஆரம்பிச்சிருக்க மாட்டாங்கன்னும் தோணுது. அந்த வருஷம்தான் அரசாங்கமே சில்லறைக் கடையை எடுத்து நடத்த ஆரம்பிச்சுது. ஒரே கேள்விக்கு எனக்குள்ள ரெண்டு பதில் இருக்கு. 2015 ஜூலைல குமரி மாவட்டத்துல கடையை மூடச் சொல்லி செல்போன் டவர்ல ஏறிப் போராடி உசுர விட்ட சசிபெருமாள் அய்யாவை நெனச்சுக்கறேன். அன்னைக்கு அந்தச் செய்தியை நான் பார்ல உக்காந்து டி.வி.ல பாத்தேன்.

2023 நவம்பர் 26

அஞ்சு மாசமா ஏன் எழுதலைன்னு நாலு பேர் கேட்டிருக்கீங்க.

குடிச்சேன். செப்டம்பர் 3ல இருந்து 9 வரைக்கும், ஏழு நாள்.

துக்கத்துல இல்ல, சண்டையில இல்ல. அக்கா மகன் வீட்டுல கெடாவெட்டு. காலையில இருந்து அடுப்புக்கிட்ட நின்னு மத்தியானம் மூணு மணி வரைக்கும் சாப்பிடல. பசி, அசதி. மனசு நெறஞ்சு இருந்துச்சு. மருமகன் ஒரு பாட்டிலை நீட்டி "பீர்தானே மாமா"ன்னான். நான் வாங்கிட்டேன். யோசிக்கக்கூட இல்ல. 650 மில்லி, 8 சதவீதம், 40 கிராம் ஆல்கஹால். குவார்ட்டர் கணக்கை இங்க எழுதினவனுக்கு இந்தக் கணக்கும் தெரியும். ராத்திரி பிராந்திக்கு வந்துட்டேன்.

ஏன்னு மூணு மாசமா யோசிக்கறேன். மே மாசத்துல இருந்தே கூட்டத்துக்குப் போறதைக் கொறச்சுட்டேன். இங்க எழுதறதே போதும்னு தோணுச்சு. ஜூலைல ஒருத்தர் "உங்களைப் படிச்சு நான் நிறுத்திட்டேன் அண்ணா"ன்னு எழுதினார். அன்னைக்கு ராத்திரி எனக்குப் பறக்கற மாதிரி இருந்துச்சு. நான் சரியாயிட்டவன், மத்தவங்களுக்கு வழி சொல்றவன்னு உள்ளுக்குள்ள நெனச்சுட்டேன். சாமின்னு கூப்பிட்டாப்ல ஆயிடுச்சு. மாலையைப் பத்தி ஜனவரி 25ல நான் எழுதினதை எனக்கு நானே திருப்பிப் படிச்சுக்கிட்டேன்.

இந்தத் தடவை நானா நிறுத்தல. பத்தாம் தேதி காலையில மனைவி கூட வர, டாக்டர்கிட்ட போனேன். மாத்திரை, தயமின், ஒரு வாரம். வலிப்பு வரல. பதினாறாம் தேதி கூட்டத்துக்குப் போனேன். வாசப்படி ஏற முடியல. உள்ள போய் "இன்னைக்கு எனக்கு ஆறாவது நாள்"னு சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க, மொத நாள் வந்தவனுக்குத் தட்டற மாதிரியே. எழுபது வயசுப் பெரியவர் ஒருத்தர் டீ வாங்கிக் கொடுத்து ஒரு கதை சொன்னார். ஏ.ஏ. ஆரம்பிச்ச இன்னொருத்தர் டாக்டர் பாப். 1935 மே மாசம் பில்லைச் சந்திச்சுக் குடியை விட்டவர், ஒரு மாசம்கூட ஆகல, அட்லாண்டிக் சிட்டியில டாக்டர்கள் மாநாட்டுக்குப் போய்க் குடிச்சுட்டார். ஊர் திரும்பி ஜூன் 10 அன்னைக்குக் கடைசியாக் குடிச்சார். அந்தத் தேதியைத்தான் ஏ.ஏ. தன் பிறந்தநாளா வெச்சிருக்கு. "விழுந்தவன் எந்திரிச்ச தேதிதான்யா நம்ம பிறந்தநாளே, டீ ஆறுது, குடி"ன்னார்.

மேல இருக்கற பழைய குறிப்புல "18 மாசம்"னு இருக்கு. அதை அழிக்கல. இப்ப எனக்கு 77 நாள்.

நான் எழுதினதைப் படிச்சு நிறுத்தினேன்னு சொன்ன தம்பி, நீங்க இதைப் படிச்சா பயப்படாதீங்க. ஆனா கூட்டத்துக்கோ டாக்டர்கிட்டயோ போங்க. என்னை நம்பி இருக்காதீங்க.

2023 டிசம்பர் 2

தங்கச்சி எழுதியிருக்கு: அக்டோபர்லயே டாக்டரைப் பாத்தாங்களாம். பத்து நாள் மாத்திரையோட நிறுத்தி, அப்புறம்தான் கார்த்திகைக்கு மாலை. இந்த வருஷம் விரதக் காய்ச்சல் வரலையாம். மாமியார் கஷாயத்தோட காத்துட்டு இருந்துச்சாம், தேவைப்படலையாம். இதைப் படிச்சுட்டு மனைவிகிட்ட காட்டினேன், ரெண்டு பேரும் சிரிச்சோம், ரொம்ப நாளுக்கு அப்புறம்.

"கழட்டற அன்னைக்கு என்ன பண்றது?"ன்னு கேக்குது. கழட்டற எடத்துல இருந்து நேரா வேற ஒரு எடத்துக்குப் போகணும், வீட்டுக்குப் போகக் கூடாது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அவருக்கு இஷ்டம்னா என்கிட்டப் பேசலாம்.

2024 ஜனவரி 18

பேசினார். மாலை கழட்டின ராத்திரி ஒன்பதரைக்குப் போன் வந்துச்சு. அவரும் பட்டறைக்காரர்தான், வெல்டர். ஒரு மணி நேரம் பேசினோம், குடியைப் பத்திப் பத்து நிமிஷம் இருக்கும், மிச்சமெல்லாம் வேலை. தூங்கப் போறேன்னு வெச்சார். குடிக்கல.

நாலாவது நாள் குடிச்சுட்டார். காலையில அவரே போன் பண்ணிச் சொன்னார். முந்தி எப்பவும் வீட்டுல புடிச்சுக் கேட்டாத்தான் சொல்வாராம். தங்கச்சிக்கு இது ஆறுதலா இருக்காதுன்னு தெரியும். டாக்டர்கிட்ட போன்னு சொன்னேன், போயிருக்கார்.

2024 ஜூன் 23

கள்ளக்குறிச்சி கருணாபுரத்துச் செய்தியை மூணு நாளாப் பாக்கறேன். பாக்கெட் சாராயத்துல மெத்தனால். அம்பது பேருக்கு மேல போயிட்டாங்க, எண்ணிக்கை ஏறிட்டே இருக்கு. ஒரே தெருவுல வரிசையாப் பந்தல். "குடிச்சுச் செத்தவனுக்கு எதுக்கு நிவாரணம்"னு எழுதறவங்களைப் பாத்து மனசு கொதிக்குது.

கை நடுக்கத்தோட காலையில எந்திரிக்கறவன் எது சாராயம், எது விஷம்னு பாக்கமாட்டான். 2020 மார்ச் 27 மத்தியானம் யாராவது ஒரு பாக்கெட்டை நீட்டியிருந்தா நான் கிழிச்சுக் குடிச்சிருப்பேன். மெத்தனால் உடம்புல ஃபார்மிக் அமிலமா மாறும், கண் நரம்பைத்தான் மொதல்ல தாக்கும். குடிச்சு சில மணி நேரம் ஒண்ணும் தெரியாது, சாதாரண மப்பு மாதிரி இருக்கும். அப்புறம் வயித்து வலி, வாந்தி, பார்வை மங்கறது. பனிமூட்டத்துல பாக்கற மாதிரின்னு சொல்வாங்க. அப்படி யாராவது சொன்னா ஒரு நிமிஷம்கூட வெக்காம ஆஸ்பத்திரி. மாத்து மருந்து இருக்கு, நேரத்துக்குப் போனாக் காப்பாத்தலாம். போலீசுக்குப் பயந்து வீட்டுல படுக்க வெக்காதீங்க.

2024 ஜூன் 30

சீட்டு எடுத்தாச்சு. நேத்து மனைவியோட போய்த் தோடு வாங்கினோம். பழைய டிசைன் கெடைக்கல. அவ கண்ணாடியில பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, வர்ற வழியில பஸ்ல ஒரு தடவை காதைத் தொட்டுப் பாத்துக்கிட்டா.

தங்கச்சி, வீட்டுக்காரர் வர்ற ஞாயித்துக்கிழமை எங்க கூட்டத்துக்கு வர்றேன்னு சொல்லியிருக்கார். பத்தரைக்கு ஆரம்பிக்கும். வெறும் வயித்தோட பஸ் ஏத்தி விடாதீங்க, நாலு இட்லி சாப்பிட வெச்சு அனுப்புங்க. காந்திபுரத்துல எறங்கிப் போன் பண்ணச் சொல்லுங்க, ஸ்டாண்டுலயே நிப்பேன்.